பொட்டுக்கு அடியில் இருந்த எண்

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் சமமாக உரிய அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. அதனால் உங்கள் கம்ப்யூட்டரின் நலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். எப்படியும் எங்களுக்கு முன்னால் அதைத்தான் விசாரிப்பீர்கள். கல்லூரி விடுதியிலிருந்து நான் போன் செய்தால் "சாப்ட்டியா அம்மிணி" என்று ஒரு வார்த்தை, அப்புறம் நேராக "இந்தக் கம்ப்யூட்டரு இன்னிக்கு ரெண்டு தடவ நின்னுபோச்சு" என்பதுதானே உங்கள் பேச்சு?

அது உயிரோடுதான் இருக்கிறது. அது இருப்பதால்தான் நானும் இங்கே இருக்கிறேன்.

வருகிற வாரத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு சென்னையிலிருந்து வந்தவள் நான். அந்தப் பையில் இருந்த சுடிதார்கள் எல்லாம் சாயம் போய்விட்டன. காரியம் முடிந்த அன்று சொந்தமெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது துரைசாமி மாமா எழுந்து நின்றார். "பட்டறை என்னாகுமோன்னு யாரும் கவலப்பட வேண்டாமுங்க. மச்சானோட வேலைய இனி நம்ம கண்ணு பாத்துக்கும்" என்றார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தலையை ஆட்டினார். யாரோ "அதான் வேணும்" என்றார்கள். நம் ஆட்களிடம் சபையில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அப்புறம் அதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் அழுதுகொண்டிருந்தேன். அழுகிறவளிடம் யார் சம்மதம் கேட்பார்கள்?

நம் பட்டறை என்ன செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை ஒட்டுக்கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கணபதி என்கிற எங்கள் பகுதியில், வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு பேட்டர்ன் பட்டறை. பம்ப் பாகங்களை வார்ப்படம் ஊற்றுகிறவர்களுக்கு மண்ணில் பதிக்க ஓர் அச்சு வேண்டும். அந்த அச்சுதான் பேட்டர்ன். முன்னறையில் உட்கார்ந்து அப்பா அதைக் கம்ப்யூட்டரில் வரைவார். அம்மாவின் தம்பியான துரைசாமி மாமா பின்கட்டில் அதை மரத்திலோ அலுமினியத்திலோ செய்து முடிப்பார். ஒருவர் மவுசைத் தவிர எதையும் தொட மாட்டார், மற்றவர் மவுசைத் தவிர எல்லாவற்றையும் தொடுவார். அப்படித்தான் இத்தனை வருடம் சண்டையில்லாமல் ஓடியது.

இப்போது மவுஸ் என் கையில்.

அப்பா, நீங்கள் ஏன் அந்த மென்பொருளைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்? அதை விற்றவர்கள் கடையை மூடிப் பல வருடம் ஆகிறது. அதன் உரிமம் உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டு எண்ணோடு பூட்டப்பட்டிருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது, போர்டை மாற்றினாலும் திறக்காது. திறந்து கொடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஆள் இல்லை. நீங்கள் வரைந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை வேறு எந்த மென்பொருளும் படிக்காது. ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்பதெல்லாம் பழைய படம்தான். "அப்பா வரஞ்சதுல ஒரு அரை இஞ்ச் கூட்டிக் குடுங்க, போதும்" என்பார்கள். அந்த அரை இஞ்சுக்காக நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் கோப்புகளின் பெயர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். ஃபைனல், ஃபைனல் டூ, உண்மையான ஃபைனல், அதற்கும் பிறகு ஃபைனல் பழையது. இதில் எதை வார்ப்படத்துக்கு அனுப்பினீர்கள்? ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது. திறப்பதற்குள் நான் ஒரு டம்ளர் காப்பி குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம்.

வெளியே வர ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படத்தையும் உங்கள் மென்பொருளுக்குள்ளேயே திறந்து, எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவத்துக்கு மாற்றி எடுத்து வைப்பது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், நம் தெருவிலேயே வரைந்து கொடுக்கும் நாலைந்து பேரில் யாரிடமாவது மாமா வேலையைக் கொடுத்துக்கொள்ளலாம். பட்டறை நிற்காது. நான் மட்டும் எழுந்து போகலாம்.

ஆனால் ஒரு முழு பம்ப் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. பாதியில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரின் புராசசர் அப்படி. அது வாங்கிய காலத்தில் நல்ல புராசசர்தான், இரண்டு வேலையைச் சேர்ந்தாற்போலச் செய்யும். இப்போது ஒன்றைச் செய்யவே திணறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடிவதற்குள் தைப்பொங்கல் வந்துவிடும். சம்பளமில்லாத விடுப்பை நீட்டிக்கொண்டே வந்த சென்னை ஆபீசில் என் இடத்தை இந்த மாதக் கடைசிவரைதான் வைத்திருப்பார்களாம். மேனேஜர் நல்ல விதமாகத்தான் சொன்னார். நல்ல விதமாகச் சொன்னாலும் கடைசி கடைசிதான்.

ஆகவே, போர்டைத் தொடாமல் புராசசரை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். நாலு வேலையைச் சேர்ந்தாற்போலச் செய்கிற ஒன்று கிடைத்தால், நாலு ஜன்னலில் நாலு படம் மாற்றலாம். மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும். இதை அம்மாவிடமோ மாமாவிடமோ சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் மெதுவா இருக்குது, சரி பண்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

பழைய போர்டுக்குப் புராசசர் தேடுவது எளிதில்லை அப்பா. மாமா எனக்குப் பார்க்கிற ஜாதகங்களைவிட இதில் பொருத்தம் அதிகம். ஆமாம், அதுவும் நடக்கிறது. "இங்கயே ஒரு மாப்பிள்ளையப் பாத்துப்போட்டா எல்லாத்துக்கும் சவுரியம்" என்கிறார். யாருக்குச் சவுரியம் என்று நான் கேட்கவில்லை. புராசசருக்கு வருகிறேன். முதலில் அது உட்காரும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் தலைமுறை சரியாக இருக்க வேண்டும். அது இழுக்கிற மின்சாரத்தைப் போர்டு தாங்க வேண்டும், பவர் சப்ளையும் தாங்க வேண்டும். தலைமேல் இருக்கும் காத்தாடி அந்தச் சூட்டுக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், போர்டைச் செய்தவர்கள் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயர் இருக்க வேண்டும்.

பட்டியலைத் தேடி எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நம் போர்டின் மாடலுக்கு இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒரே பெயரில் முதல் பதிப்பு ஒன்று, இரண்டாம் பதிப்பு ஒன்று. முதல் பதிப்புக்குப் பழைய தலைமுறைப் புராசசர்கள் மட்டும்தான். இரண்டாம் பதிப்பு அதற்கு அடுத்த தலைமுறையையும் ஏற்றுக்கொள்ளும். நம்முடையது எது? உங்கள் பில்லில் மாடல் மட்டும் இருந்தது. கம்ப்யூட்டரையே கேட்டுப் பார்க்க ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அதில் பதிப்பு எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள்தான் வந்தன. போர்டின் மூலையில் வெள்ளை எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், அதைப் பார்ப்பதுதான் ஒரே வழி என்று போட்டிருந்தது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மூலையில் நீங்கள் இருந்தீர்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் கம்ப்யூட்டரின் வெளிப்பக்கம் பொட்டு வைப்பார்கள். நீங்களோ, வேலை செய்கிறது உள்ளே இருக்கிற போர்டுதான், பெட்டிக்கு எதற்குப் பொட்டு என்பீர்கள். தகட்டைக் கழற்றி, தூசி தட்டி, போர்டுக்கே சந்தனமும் குங்குமமும் வைப்பீர்கள். அதிலும் உங்கள் ஜாக்கிரதை இருக்கிறதே. எந்தப் பாகத்தின் மேலும் படாமல், ஒன்றுமே இல்லாத ஒரு மூலையாகப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அந்த மூலையில் எழுத்து மட்டும்தான் இருந்தது. வருடத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, கடைசிப் பொட்டில் உங்கள் மோதிர விரலின் ரேகை அப்படியே இருந்தது. அதை வைத்த ஒன்பதாம் நாள்தானே நீங்கள் போனீர்கள்.

நான் அதைத் துடைக்கவில்லை. மாடல் பெயரின் வால் வெளியே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், சந்தனத்தின் ஓரத்தில், ஒரு வளைவு மாதிரி ஏதோ தெரிந்தது. வளைவு என்றால் இரண்டு. ஒன்றுக்கு ஏது வளைவு? அப்படித்தான் நான் முடிவு செய்தேன். உண்மையைச் சொன்னால், இரண்டு என்று இருந்தால்தான் நான் ஆசைப்பட்ட புராசசரைப் போட முடியும். எனக்கு வேண்டியதை நான் பார்த்தேன்.

காந்திபுரத்தில் பழைய உதிரி பாகங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நான் எழுதிக் கொண்டுபோன சீட்டைப் படித்தார்.

"மாடலு சரிங்க. ரிவிசன் ஒன்னா, ரெண்டா?"

"ரெண்டுங்க."

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தனுங்க."

அவர் கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "உள்ள போட்டு ஓடலீன்னா போர்டக் கொற சொல்லாதீங்க அம்மிணி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மாற்றினேன். சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்து, பழைய புராசசரைக் கழற்றி, புதியதை அந்த முக்கோணக் குறி பார்த்து வைத்தபோது அது அழகாக உட்கார்ந்தது. அதுதான் மோசம். இரண்டு பதிப்புக்கும் ஒரே சாக்கெட், எது வைத்தாலும் உட்காரும். பசை வைத்து, காத்தாடியை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். காத்தாடி சுற்றியது. திரையில் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் இல்லை.

சரி என்று பழைய புராசசரையே திரும்ப வைத்தேன். அப்போதும் திரை கறுப்பு.

இப்போது சொல்வதை நீங்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த அந்த நிமிடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. செத்துவிட்டது, இனி யாரும் என்னை ஒன்றும் கேட்க முடியாது என்று தோன்றியது. உங்கள் ஆயிரம் படமும் போயிற்று, நாளைக்கே நான் ரயில் ஏறலாம். உங்கள் வாழ்நாள் உழைப்பு போனதற்கு நான் சந்தோஷப்பட்டேன், அப்பா. எவ்வளவு மூச்சுமுட்டிப் போயிருந்தால் அப்படித் தோன்றும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கை தன்னால் போய் மெமரி ஸ்டிக்கை எடுத்துத் திரும்ப அழுத்தியது. காத்தாடியை மாட்டும்போது அது அசைந்திருக்கிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எழுந்து கொண்டது. பிறக்கப்போகிற பேத்தி என்று சொல்லி நீங்கள் வைத்திருக்கும், யார் வீட்டுக் குழந்தை என்றே தெரியாத அந்தப் படம் திரையில் சிரித்தது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். பிழைத்ததற்கா, பிழைத்துவிட்டதே என்றா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா வந்தார்.

"ஏங்கண்ணு அழுகற? வலிக்குதா?"

"இல்லீங்கம்மா. தப்பான சாமான வாங்கிட்டு வந்துட்டேன்."

"மாத்திக்க வேண்டீதுதானே. அதுக்கு எதுக்கு அழுகை?"

"எது சரின்னு இந்தப் போர்டுல எழுதியிருக்கும்மா. அந்தப் பொட்டுக்கு அடியில."

அம்மா குனிந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டிக்குள் அவர் பார்த்ததே இல்லை. பூஜையன்று சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

"தொடச்சுப் பாக்க வேண்டீதுதானே."

"அப்பா வெச்சதுங்கம்மா. வெரல் ரேகை கூட இருக்குது."

பின்கட்டில் மாமாவின் அறுப்பு மெஷின் ஓடி நிற்கிற வரைக்கும் அம்மா அந்தப் பொட்டையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"என் நெத்தியில இருந்தத அழிக்கறப்ப யாராச்சும் ரோசன பண்ணுனாங்களா கண்ணு? இது மெசினு."

சேலைத் தலைப்பை எடுத்துத் தண்ணீரில் நனைக்கப் போனார். ஈரம் படக்கூடாது என்று நான் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் கொடுத்தேன். அவர்தான் துடைத்தார். நான் டார்ச் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு வருடச் சந்தனம் லேசில் போகவில்லை. குங்குமம் கரைந்து பஞ்சு சிவந்தது. அடியில் வெள்ளை எழுத்தில் தெளிவாக இருந்தது: ஒன்று, புள்ளி, பூஜ்யம். நான் பார்த்த வளைவு பூஜ்யத்தின் வளைவு.

பஞ்சைக் குப்பையில் போடுவாரா, சாமி அலமாரியில் வைப்பாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒரு போன் போட்டு உங்களைக் கேட்க முடிந்திருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள். எந்த எண்ணையும் நீங்கள் மறந்ததில்லை. அதற்காகவே எத்தனை தடவை உங்கள் நம்பரை எடுத்திருக்கிறேன் தெரியுமா? இன்னும் என் போனில் இருக்கிறது.

மறுநாள் கடைக்காரர் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார். "நெனச்சீங்களாட்டிருக்குது" என்றார். திட்டவில்லை. நான் வாங்கியதை உள்ளே வைத்துவிட்டு, முதல் பதிப்பின் பட்டியலில் கடைசியாக இருந்த புராசசரை எடுத்து வந்தார். நான் ஆசைப்பட்டதற்கு ஒரு தலைமுறை மூத்தது, கொஞ்சம் மெதுவானது. ஆனால் நாலு வேலையைச் சேர்ந்தாற்போலச் செய்யும். "இதுக்கு மேல அந்தப் போர்டுல எதுவும் போட முடியாதுங்க. அதோட உச்சம் இதுதான்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. இருந்தாலும் வாங்கி வந்தேன்.

முதல் தடவையே திரை வந்தது. உரிமம் ஏதாவது தகராறு செய்யுமோ என்று பயந்துகொண்டே உங்கள் மென்பொருளைத் திறந்தேன். அதுவும் திறந்தது. நாலு ஜன்னல்களில் நாலு பம்புகள் ஓடின. முக்கால் மணி நேரம் ஆனது பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று தெரிந்தபோது, ஒரு வருடத்தில் முதல் தடவையாக நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

மாமா கேள்விப்பட்டு முன்னறைக்கு வந்தார். என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எப்போதும் வாசல்படியிலேயே நின்று டீ குடிக்கிற மனுஷன். அன்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையையே பார்த்தார்.

"அடேங்கப்பா. மச்சான் இருந்து பாத்திருக்கோணும்."

"ஆமாங்க மாமா."

"பல்லடத்துல இருந்து ஒரு பார்ட்டி வந்திருந்தாப்ல கண்ணு. தறிக்குப் பாகம். முழு செட்டும் புதுசா வரையோணும், ஆறேழு மாச வேல. மச்சான் இல்லியேன்னு இழுத்தாப்ல. கம்ப்யூட்டரப் புதுசாட்டப் பண்ணிப்போட்டோம், நம்ம கண்ணு இருக்குதுன்னு சொல்லிப்போட்டேன். சரிதானுங் கண்ணு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க மாமா."

வெளியே போவதற்காகச் செய்த வேலை, உள்ளே இருப்பதற்கான காரணமாகிவிட்டது. நானே பார்த்துப் பார்த்துச் செய்தேன். மாமா கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குப் பிடிக்கும் என்று சாயங்காலம் மசால் பொரி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு, என்னை நானே அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது.

இந்தக் கடிதத்தை ஏன் எழுத ஆரம்பித்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் வருட நினைவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாசிக்க ஏதாவது எழுதிக் கொடு என்று மாமாதான் கேட்டார். அவரே வாசிப்பாராம். எனக்கு ஒரு யோசனை வந்தது. இதிலேயே எழுதிவிடலாம், நான் சென்னைக்குப் போகிறேன் என்று. மாமா தன் வாயாலேயே சபையில் வாசித்துவிடுவார். பெரியப்பா கேட்பார், அத்தைகள் கேட்பார்கள், அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. என்னைக் கட்டிய அதே கயிற்றால் அவர்களைக் கட்டலாம். அப்படி எழுதியும் முடித்தேன். பெரிய எழுத்தில் அச்சடித்தும் விட்டேன்.

அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. பன்னிரண்டாவது முடித்த வருடம், சித்தப்பா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எல்லாரும் கூடியிருந்தபோது, "எங்க அம்மிணி மெக்கானிக்கல்தான் படிக்குது" என்று சொன்னீர்கள். நான் கணக்குப் படிக்க ஆசைப்பட்டிருந்தேன். அதை நீங்கள் சொல்லித்தான் நானே தெரிந்துகொண்டேன். பந்திக்கு நடுவில் பாயசம் ஊற்றிக்கொண்டு நின்றவள் என்ன சொல்வாள்? நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாமாவும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரிடமிருந்தும், சபையில் சொல்லிக் கட்டிப்போடுவதைத்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

தாளைக் கிழித்துப் போட்டேன். நேராகச் சமையலறைக்குப் போனேன். அம்மா அரிசிம்பருப்புச் சோற்றுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் மாசக் கடைசியில சென்னைக்குப் போறேன். வேலைக்கு. திரும்பி வந்து இங்க உக்கார மாட்டேங்கம்மா."

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை. நான் ஒவ்வொரு வெங்காயமாக எண்ணிக்கொண்டு நின்றேன். ஏழாவதுக்கு அப்புறம் பேசினார்.

"எனக்குப் புடிக்கல கண்ணு."

"தெரியுங்கம்மா."

"நீ போறது எனக்குச் சுத்தமாப் புடிக்கல. ஊட்ல பேச்சுத் தொணை இல்ல. உங்கப்பனும் போயாச்சு."

"தெரியுங்கம்மா."

"புடிக்கலீன்னு சொல்றேன். போகாதேன்னு சொல்லல." கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா உங்க மாமன்கிட்ட நீயே சொல்லோணும். என்னையச் சொல்லச் சொல்லாத. அவன் மூஞ்சி சுண்டறத என்னால பாக்க முடியாது."

அவ்வளவுதான் பேச்சு. நான் கீழே உட்கார்ந்து மீதி வெங்காயத்தை உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு இரண்டு பேருக்கும் காரணம் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு உட்கார்ந்து எழுதுகிற கடிதம் இது. உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் நாலு பம்புகளை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறது. மாமா பல்லடம் போயிருக்கிறார், அந்தப் பார்ட்டியிடம் வேலையை உறுதி செய்வதற்கு. வரும்போது சந்தோஷமாக வருவார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சொல்ல வேண்டும். படங்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுத்தால் நன்றாக வரைவார்கள் என்று விசாரித்து வைத்திருக்கிறேன், முதல் இரண்டு மாதம் சனி ஞாயிறு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். அவர் "அதெல்லாம் சரிங் கண்ணு, ஆனா..." என்று ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்? நிஜமாகவே தெரியவில்லை. உங்களிடம் ஒரே ஒரு தடவையாவது முடியாது என்று சொல்லிப் பழகியிருந்தால் இன்று இவ்வளவு மனப்பாடம் தேவைப்பட்டிருக்காது. நீங்கள் தாங்கியிருப்பீர்களா அப்பா? தாங்கியிருப்பீர்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. கேட்டுப் பார்க்காமல் விட்டது என் தப்பும்தான்.

வாசலில் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்கிறது. உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவரிடம் என் வாயால் சொல்லாமல் இந்தத் தாளை அவர் கையில் தர மாட்டேன். ஆகவே, வருகிற வாரம் உங்கள் படத்துக்கு முன்னால் இந்த வரியை மாமாவின் குரலில் நீங்கள் கேட்டால், நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

முடியாது என்பதை உங்களிடம் சொல்லாமலே வளர்ந்துவிட்ட
உங்கள் மகள்,
சுகன்யா